மலை போட்ட சார்ஜ்

என் வீட்டுக்காரரைத் திருடன் என்று சொன்னது காய்கறி மண்டியின் நட்ட நடுவில். மூட்டை இறக்குகிறவர்கள், காய் எடுக்க வந்த கடைக்காரர்கள், டீ கொடுக்கிற அம்மா என்று அத்தனை பேரும் நின்றிருந்த காலை நேரம். மண்டி முதலாளி தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்போமே என்ற நாகரிகம்கூட இல்லாமல், "ஏப்பா, வண்டியில சார்ஜ் எங்கப்பா போவுது? எவனுக்கு வாடகைக்கு ஓட்டிட்டு வர்ற?" என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருந்தாரா என்றால் அதுவும் இல்லை. "உண்ட வூட்டுக்கே ரெண்டகம் பண்றவனயெல்லாம் வெச்சுக்கிட்டு நான் பொழப்பு நடத்தறேன் பாரு" என்று கடைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். ஒரு வாரம் டைம், அதற்குள் ஒழுங்காக ஓட்டாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார்.

இவர் வாயே திறக்கவில்லை. எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இவருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன் என்று என் மாமியார் சொல்வது சும்மா இல்லை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்றார். என்னங்க என்றேன். ஒன்றுமில்லை என்றார். நான் விடுகிற ஆளா? பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு முழுக்கதையையும் வாங்கிவிட்டேன். கேட்டு முடித்தபோது எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"அந்தாளு மூஞ்சியிலயே சாவியத் தூக்கிப் போட்டுட்டு வர வேண்டியதுதானங்க?" என்று கத்தினேன்.

"போட்டா என்ன ஆவும்? திருடுனான், மாட்டிக்கிட்டான், ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

அதுவும் சரிதான். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். பேர் போனால் என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன்பிருந்தே மண்டி வண்டிதான் ஓட்டுகிறார். ஒரு கத்தரிக்காயைக்கூடக் கேட்காமல் எடுத்து வந்ததில்லை. இப்படி ஒரு பேரோடு வெளியே வந்தால் அடுத்து எவர் நம்பி வண்டியைக் கொடுப்பார்?

நான் தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஆகவே கோபம் ஒரு பக்கம் கொதித்தாலும், சார்ஜ் எங்கே போகிறது என்பது எனக்கும் கேள்விதான். இவர் திருடவில்லை. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அப்படியானால் அது எங்கேதான் போகிறது?

வண்டி, பேட்டரியில் ஓடுகிற மூன்று சக்கர லோடு ஆட்டோ. வத்தல்மலையிலிருந்து அவரைக்காய், பலாப்பழம், மிளகு, சாமை மூட்டை எல்லாம் அதில்தான் மண்டிக்கு இறங்கும். அதற்கு இரண்டு டிரைவர்கள். மலை ரோட்டுக்கு ஒருவர். மலை மேலேயே பிறந்து வளர்ந்தவர், இவரைவிட மூத்தவர். அந்த வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். சமதள ரோட்டுக்கு என் வீட்டுக்காரர். மதியம் மண்டி ஷெட்டில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் காலி வண்டியை இவர் அடிவாரம் வரை ஓட்டிப் போய்க் கொடுப்பார். மலைக்கார அண்ணன் அதை மேலே கொண்டுபோவார். மறுநாள் விடிந்ததும் சரக்கோடு இறக்குவார். பைக்கில் அடிவாரம் போய்க் காத்திருக்கும் இவர் வாங்கிக்கொண்டு தருமபுரிக்கு வருவார்.

வண்டியைக் கை மாற்றுவதற்கு அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. யார் கொடுக்கிறாரோ அவர் மீட்டரைப் பார்த்துச் சார்ஜ் எத்தனை சதம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அறுவது இருக்குது தம்பி." "அறுவது வாங்கிட்டேங்க." சந்தையில் மாடு பிடிக்கும்போது குறையைச் சொல்லி விற்றுவிட்டால் அப்புறம் பேச்சில்லை என்பார்களே, அந்த மாதிரி. சொல்லி வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு குறைகிற ஒவ்வொரு சதத்துக்கும் வாங்கினவர்தான் பொறுப்பு. முதலாளிக்கும் போனில் அந்த எண் போய்விடும்.

இதில் மலைக்கார அண்ணனுக்கு ஒரு பெருமை. இறக்கத்தில் பிரேக் போடப் போட மோட்டார் எதிராக வேலை செய்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இறங்க இறங்க மீட்டரில் எண் ஏறிக்கொண்டே வரும். "மலை போட்ட சார்ஜ்" என்பார். உச்சியில் கிளம்பும்போது நாற்பது, அடிவாரத்தில் அறுபது. மலைச்சாமி கொடுத்தது என்று மீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். என் வீட்டுக்காரரும் அதை அப்படியே நம்பித்தான் வாங்கினார். முதலாளியும் அப்படியே நம்பினார். நம்பிப் போட்ட கணக்கு இது: சாயங்காலம் எழுபதோடு வாங்கினவன் மலையேறி இறங்கி அறுபதாகத் திருப்பிக் கொடுக்கிறான், ஆக மலைக்கே பத்துதான் செலவு. அறுபதோடு வாங்கினவன் சமதளத்தில் ஓட்டிவந்து இருபதில் நிறுத்துகிறான், ஆக நாற்பது செலவு. சில நாள் வழியிலேயே நின்றுபோய், ஒரு மாவு மில்லில் கெஞ்சிச் சார்ஜ் போட்டுக்கொண்டு தாமதமாக வருகிறான். அந்த நேரத்தில் எங்கே போனான்? யாருக்கு ஓட்டினான்? ஐயோ, என்ன மூளை! இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் மண்டி நடத்துகிறார்களோ!

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் இவரோடு அடிவாரம் போனேன். மண்டிக்கு ஞாயிறு லீவு கிடையாது. மலைக்கார அண்ணன் வண்டியை நிறுத்தி, என்னைப் பார்த்து, "டீச்சரம்மாவும் வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். அறுபத்தொன்று சொன்னார், இவர் திருப்பிச் சொல்லி வாங்கினார். டிரைவர் சீட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு நான் மீட்டரையே பார்த்தபடி வந்தேன். கொஞ்ச தூரம்தான். அறுபத்தொன்று ஐம்பதாகிவிட்டது. ஏற்றமில்லை, வேகமில்லை, ஒரு ஹாரன்கூட அதிகமாக அடிக்கவில்லை. என் கண் முன்னாலேயே சரிந்தது. ஊரை நெருங்கினபோது இருபத்திரண்டு. வழியில் ஒரு டீக்குக்கூட நாங்கள் நிற்கவில்லை.

நேராக மண்டியில் போய், நானே சாட்சி என்று சொன்னேன். முதலாளி சிரித்தார். "பொண்டாட்டி சாட்சி கோர்ட்ல செல்லாதுங்க டீச்சரம்மா" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டி சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே இருந்த டெக்னீஷியன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "நாங்க ஏற்கெனவே செக் பண்ணிட்டோம் மேடம். அடிவாரத்துலயே வண்டிய நிப்பாட்டி ஒரு மணி நேரம் ரெஸ்ட் குடுத்து வோல்டேஜ் பாத்தோம். அறுவதுக்கு என்ன வோல்டேஜ் இருக்கணுமோ அது கரெக்டா இருக்குது. பேட்டரி நல்லா இருக்குது. டிரைவர்தான் மேடம்."

டிரைவர்தான் மேடம்! எதுவானாலும் கடைசியில் டிரைவர்தான். நான் கேட்டேன், "இறக்கத்துல சார்ஜ் ஏறி வந்து அறுவதுல நிக்கிற பேட்டரியும், ஓடி ஓடிக் கொறஞ்சு அறுவதுல நிக்கிற பேட்டரியும் ஒண்ணா?"

"அறுவதுன்னா அறுவதுதான மேடம்" என்றார். என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை வேறு.

கேள்வி என் வாயிலிருந்து வந்ததே தவிர, பதில் எனக்கும் முழுசாகத் தெரியாது. காந்தப் பாடத்தில் இதைப் போல ஒன்றை வருஷா வருஷம் நடத்துகிறேன். இரும்பைக் காந்தமாக்கிக்கொண்டு போன வழியிலேயே அது திரும்பி வராது. புலத்தை எடுத்துவிட்டாலும் காந்தம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் அதற்குத் தயக்கம் என்று பெயர். பேட்டரிக்குள்ளும் அப்படி உண்டா என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். பாதி புரிந்தது, பாதி தலைக்கு மேல் போனது. முழுசாகப் புரிந்தது சமையல்கட்டில்.

பிள்ளைகளுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். கிளிப் வைத்த டப்பா, பக்கவாட்டில் அழுத்தி மூடுவது. அழுத்துகிறேன், மூடவில்லை. இன்னும் அழுத்துகிறேன், அப்போதும் இல்லை. கொஞ்சம் கூடுதல் பலம் கொடுத்ததும் டக்கென்று விழுந்தது. கையை எடுத்தேன். கிளிப் மூடியபடியே இருந்தது. அதைத் திறக்க மறுபடி எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும், அதுவும் ஓரளவுக்கு மேல் இழுத்தால்தான் டக்கென்று திறக்கும். அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க!" என்று இவரைக் கூப்பிட்டேன்.

டப்பாவை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். பேட்டரிக்குள்ளே ஒரு பக்கத்து மின்முனை முழுக்க இரும்புப் பாஸ்பேட் பொடி. கோடிக்கணக்கான துகள். ஒவ்வொரு துகளும் ஒரு டப்பா. வண்டி ஓடும்போது லித்தியம் ஒவ்வொரு துகளுக்குள்ளும் போய் உட்காரும், சார்ஜ் ஏறும்போது வெளியே வரும். ஆனால் பாதி மூடி பாதி திறந்து நிற்பது அந்தத் துகளுக்குப் பிடிக்காது. மூடினால் முழுசாக மூடும், திறந்தால் முழுசாகத் திறக்கும். இரண்டுக்குமே கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தள்ளல் வோல்டேஜை மேலே காட்டும். ஓடும்போது அதே தள்ளல் வோல்டேஜைக் கீழே காட்டும். சார்ஜ் ஏறுகிற ரோடு மேலே, சார்ஜ் குறைகிற ரோடு கீழே. இரண்டும் சேராது.

"அழுத்துன பலம் எங்க போச்சு?" என்றார் இவர்.

"சூடாப் போச்சு. அது திரும்ப வராது."

"அப்ப மீட்டரு?"

"மீட்டருக்கு உள்ள இருக்கிற சரக்கு தெரியாதுங்க. வோல்டேஜ மட்டும்தான் பாக்குது. கையில எவ்வளவு அழுத்தம்னு பாத்துட்டு எத்தன டப்பா மூடியிருக்குதுன்னு சொல்ற மாதிரி. மூடப் போற கைக்கும் தெறக்கப் போற கைக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாது. மலையில எறங்கறப்ப பேட்டரி சார்ஜ் ஏறுது, வோல்டேஜ் மேல் ரோட்டுல நிக்குது. மீட்டரு அதக் கீழ் ரோட்டு வோல்டேஜுன்னு நெனச்சுக்கிட்டு அறுவதுன்னு சொல்லுது. உள்ள இருக்கறது அம்பதுகூட இல்ல."

அந்த இரும்புப் பாஸ்பேட் பேட்டரியில் இன்னொரு வம்பு உண்டு. நிறையவோ குறையவோ இருந்தாலும் அதன் வோல்டேஜ் அதிகம் மாறாது, ஏரித் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடக்கும். அதனால் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற துளி வித்தியாசம் மீட்டரில் பத்து, பன்னிரண்டு சதமாகப் பெருகிவிடும். சர்வீஸ் கடையில் ஒரு மணி நேரம் ரெஸ்ட் கொடுத்தார்களாமே, ரெஸ்ட்! ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் அடங்கும், அது சரி. பேட்டரிக்கும் அந்த மூச்சு வாங்கல் உண்டு, நிறுத்தினால் அடங்கிவிடும். அந்த டெக்னீஷியனுக்கு அது மட்டும்தான் தெரியும். மூடின டப்பாவை மேஜை மேல் ஒரு மணி நேரம் வைத்தால் அது தானாகத் திறந்துகொள்ளுமா? இதைக் கேட்க வேண்டிய இடத்தில் இருக்கிறவர் கேட்காமல், டிரைவர்தான் மேடம் என்று கையை உதறிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலாளி கொடுத்த வாரம் முடிவதற்குள் மண்டிக்குப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் குறைந்த நேரம். துகள், டப்பா என்றெல்லாம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. கையை நீட்டிக் கொட்டாவி விட்டார். விரலில் இறுகிப்போன தங்க மோதிரம் ஒன்று.

"அந்த மோதிரத்தக் கழட்டுங்க பாப்போம்" என்றேன்.

எதற்கு என்று தெரியாமலே இழுத்தார். விரல் கணுவில் வந்து நின்றுகொண்டது. முகம் சிவந்தது. "போட்டது போட்டதுதான், வராது" என்றார்.

"போடறப்பவும் கணுவுல தள்ளித்தானே போட்டீங்க? இப்பக் கணுவுல இறுகி நிக்குது. இறுக்கத்த மட்டும் தொட்டுப் பாத்தா, மோதிரம் உள்ள போவுதா வெளிய வருதான்னு சொல்ல முடியுங்களா? உங்க மீட்டரு அப்படித்தாங்க சொல்லிக்கிட்டிருக்குது. எங்க வூட்டுக்காரரு திருடல. நீங்களே வண்டியில வந்து பாருங்க."

மோதிரத்தைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு ஒருவழியாக ஒத்துக்கொண்டார். நான் சொன்ன சோதனை சுலபம். தினமும் வருகிற அளவுக்கே மூட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். மண்டி ஷெட்டில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, அடிவாரம் வரை போய், மலையேறாமல் அங்கேயே ஊர் ரோட்டில் சுற்றி மீட்டர் அறுபதுக்கு இறங்கியதும் திருப்ப வேண்டும். அதே அறுபது, அதே ரோடு, அதே லோடு, அதே டிரைவர். ஒரே ஒரு வித்தியாசம்: இந்த அறுபது மேலே இருந்து குறைந்து வந்த அறுபது.

முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து போனார். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. திரும்பி வந்தபோது மீட்டர் முப்பதுக்கு மேலே நின்றது. தினமும் இருபதில் வந்து நிற்கிற வண்டி. முதலாளி இறங்கி மீட்டரை ஒருதரம் எட்டிப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க" என்று எங்களைப் பின்னால் இருந்த ரூமுக்குக் கூப்பிட்டார்.

கவனியுங்கள், உள்ளே! பழி சொன்னது தராசுக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க. அதை எடுத்துக்கொள்வதற்கு மட்டும் கதவு வைத்த ரூம் வேண்டியிருந்தது.

உட்கார்ந்ததும் சொன்னார், "சரிங்க டீச்சரம்மா. உங்க வூட்டுக்காரர் மேல தப்பில்ல. ஒத்துக்கறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவரே தொடர்ந்தார், "அப்ப மலையிலிருந்து எறக்கறவன்தான் பொய் நம்பர் காட்டி ஏமாத்திருக்கான். மேல கொண்டுபோயி எவனுக்கோ கரண்ட்ட வித்திருக்கான். மலைக்காரப் பசங்களுக்கு நாம காட்டற மரியாதைக்கு இதான் பலன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானா! "இல்லீங்க, அவர் கையில எதுவுமே இல்லீங்க. மலையில எறங்குனா யாரு ஓட்டுனாலும் மீட்டரு அப்படித்தான் காட்டும்" என்றேன்.

"அப்ப மலை மேல கேஸ் போடச் சொல்றீங்களா?"

"யாரு மேலயும் போட வேணாம். அந்தச் சார்ஜ் மொதல்லயே இல்லீங்க. இல்லாதத எப்படித் திருடறது?"

"அதெல்லாம் படிச்சவங்க பேச்சு. கொறஞ்சிருக்குதுன்னா எவனோ ஒருத்தன் தின்னிருக்கணும்." போனை எடுத்தார். "அவன வேணாம்னு சொல்லிடறேன். தம்பி, நாளையிலிருந்து மலைக்கும் நீயே ஓட்டு. சம்பளம் சேத்துத் தரேன்."

பாருங்கள் இந்த அநியாயத்தை. எத்தனை சோதனை காட்டினாலும், ஒரு திருடன் இருந்தே ஆகவேண்டும் என்பதை மட்டும் அந்த மனிதரால் விட முடியவில்லை. எண் தப்பு என்று ஒத்துக்கொள்வார், மீட்டர் தப்பு என்று ஒத்துக்கொள்வார். தான் சொன்ன பேச்சு தப்பு என்று மட்டும் நாக்கு வராது. அதுவும் மலைக்காரர் என்றால் இன்னும் சௌகரியம். அவருக்காகக் கேட்க மண்டியில் எந்தப் பொண்டாட்டி வந்து நிற்கப் போகிறாள்? நான் எழுந்து நின்று கத்தத் தயாரானேன்.

அதற்குள் இவர் பேசினார். சத்தமில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டுதான். "நேத்து வரைக்கும் அந்தத் திருடன் நானுங்க. இன்னைக்கு அந்த அண்ணன். அவரப் போகச் சொன்னா நானும் வரலீங்க."

முதலாளி போனில் எண்ணை அழுத்திக்கொண்டே, "அப்ப ரெண்டு பேருமே கூட்டுங்கறது இப்பத்தான் புரியுது" என்றார்.

அன்றைக்கே இரண்டு பேருக்கும் வேலை போனது. மலைக்கார அண்ணன் சாயங்காலம் இவருக்குப் போன் போட்டு, "என்ன தம்பி, நான் என்ன பண்ணேன்? சாமி மேல சத்தியமா, மீட்டர்ல இருந்ததத்தான் சொன்னேன்" என்று கேட்டது எனக்கும் கேட்டது. இவர் அவருக்கு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார், டப்பாக் கதையையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அந்த மனிதர், "அப்ப மலை எனக்குக் குடுக்கவே இல்லியா?" என்றுதான் கேட்டார்.

காரிமங்கலத்தில் ஒரு மண்டியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இவர் போனார். போன அன்றைக்கே திரும்பிவிட்டார். "அந்தச் சார்ஜ் சமாச்சாரம், அது நீங்கதானுங்களா?" என்று கேட்டார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தராசுக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு வார்த்தை எந்தப் பஸ்சும் பிடிக்காமல் காரிமங்கலம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. பின் ரூமில் சொன்ன வார்த்தை அந்தக் கதவைத் தாண்டவில்லை. இவர் இப்போது நல்லம்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அதுவும் என் தலைமையாசிரியர் சொல்லி வாங்கிக் கொடுத்தது.

போன மாதம் ஒரு லீவு நாள் காலை. இவர் போன் அடித்தது. முதலாளி. பெரிய சத்தமாகப் பேசுகிறவர், ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. புது டிரைவர் அவரைக்காய் லோடோடு பாதி வழியில் நிற்கிறானாம். அடிவாரத்தில் அறுபது காட்டியதாம். அந்த மாவு மில்காரரும் கரண்ட் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "அந்த வண்டிய நீங்க எப்படித்தாங்க ஓட்டுனீங்க? அவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். இத்தனை வருஷத்தில் இவருக்கு முதன்முதலாக ஒரு ‘ங்க’ கிடைத்தது.

நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். இவர் கொடுக்கவில்லை.

"சொல்றேங்க. இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"மண்டியிலதான்."

"ஆளுங்க எல்லாம் இருக்காங்களா?"

"இருக்காங்க. எதுக்கு?"

"ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கற மாதிரி, ‘அவங்க ரெண்டு பேரும் திருடல’ன்னு ஒருவாட்டி சொல்லுங்க. நானும் கேக்கணும். அப்பறம் என்ன பண்ணணும்னு சொல்றேன்."

அந்தப் பக்கம் மண்டிச் சத்தம் மட்டும் வந்தது. ஏலக் குரல், மூட்டை விழும் சத்தம், யாரோ டீக்குக் கூப்பிடுவது. முதலாளி மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. பிறகு போன் கட் ஆனது.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மறுபடி அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரு வரி சொல்வதைவிட ஒரு லோடு காய் வெயிலில் வாடினாலும் பரவாயில்லை என்று ஒரு மனிதர் முடிவு செய்துவிட்டார். அவருக்கென்ன, அது கமிஷன் மண்டி. காய் வாடினால் விலை போகாது, நஷ்டம் மலையில் விதைத்தவர்களுக்கு.

இவர் எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே என்றேன். "காய் அந்தாளுதில்லயே" என்றார். தெரிந்த ஒருவரின் மினி லாரியைக் கேட்டுக்கொண்டு போனார். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அந்த முதலாளியைத் திட்டிக்கொண்டேதான் போனேன், இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டைகளை மாற்றி ஏற்றி மண்டி வாசலில் இறக்கினோம். முதலாளி நாற்காலியிலிருந்து பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டு எடை போடச் சொன்னார்.

அவர் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன், மண்டியில் நின்றவர்கள், அன்றைக்குச் சிரித்தவர்கள், காரிமங்கலத்தில் கேட்டவர்கள் எல்லோரும் கேட்கட்டும்: என் வீட்டுக்காரர் திருடவில்லை. அந்த மலைக்கார அண்ணனும் திருடவில்லை.